வாசகர் கேள்வி: டிஜிட்டல் அக்கார்டியன்ல ரிவர்ப், கோரஸ், டிலே எவ்வளவு வைக்கணும்?

டிசம்பர் நெருங்கிட்டதால இந்த மாசம் வந்த கேள்வி எல்லாம் கேரல்ஸ், கொயர், அக்கார்டியன் பத்திதான். அதனால வேற கருவிங்கள அடுத்த மாசத்துக்கு தள்ளி வச்சிட்டு இதையே எடுத்துக்கிறேன்.

அண்ணாச்சி, எங்க சர்ச்சுக்கு புதுசா ஒரு டிஜிட்டல் அக்கார்டியன் வாங்கினோம். வீட்டுல ஹெட்ஃபோன் மாட்டி வாசிச்சா கொள்ளாம், அவ்வளவு அழகா இருக்கு. அதையே சர்ச்சுல ஸ்பீக்கர்ல விட்டா கொழகொழன்னு ஆயிடுது, பாடுறவங்களுக்கு எந்த சுரம்னே மனசிலாவல. ரிவர்ப் குறைச்சும் பெருசா மாறல. என்ன செய்யணும்?
– வாசகர், கருங்கல்

தம்பி, கருவில ஒரு கோளாறும் இல்ல. ரிவர்ப்ங்கிறது ஒரு அறைக்குள்ள சத்தம் சுவர்ல பட்டு பட்டு திரும்பி வர்றத செயற்கையா உண்டாக்குறது. ஹெட்ஃபோன்ல அறையே கிடையாது, அதனால அங்க ரிவர்ப் போட்டாதான் கேக்க உயிரா இருக்கும், வாங்கும்போதே உள்ள வர்ற செட்டிங்கும் பெரும்பாலும் அப்படி கேக்கறதுக்கு தோதாதான் இருக்கும். ஆனா நம்ம ஊரு சர்ச்சுங்கள நினைச்சுப் பாருங்க, கான்கிரீட் சுவர், டைல்ஸ் தரை, உசந்த கூரை, திரைச்சீலைகூட அதிகம் கிடையாது. சத்தம் ஒரு செகண்டுல சுமார் 340 மீட்டர் போகும், பின்சுவர் 34 மீட்டர் தள்ளி இருந்தா போய் திரும்பி வர 0.2 செகண்ட் ஆகும், கொஞ்சம் வேகமான பாட்டுல அதுக்குள்ள நீங்க அடுத்த சுரத்துக்கு போயிருப்பீங்க. ஏற்கனவே இவ்வளவு எதிரொலி இருக்கிற இடத்துல கருவி வேற தன் பங்குக்கு ஒரு ஹால் ரிவர்ப் (பெரிய மண்டபத்து எதிரொலி) போடுது, அதுக்கு மேல மிக்சர்ல சவுண்டு தம்பி பாடுறவங்களுக்குன்னு போட்ட எஃபெக்ட் அக்கார்டியன் சேனலுக்கும் திறந்து கிடக்கும். ஆக ஒரே சத்தத்துக்கு மூணு ரிவர்ப். நீங்க ஒண்ண குறைச்சா மீதி ரெண்டும் அப்படியே நிக்கும்.

குறைச்சும் மாறாததுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. பெரும்பாலான மாடல்கள்ல ரிவர்ப் ரெண்டு படியா இருக்கும். மொத்த ரிவர்ப் லெவல் ஒண்ணு, வலது கை, இடது கை பேஸ், ஆர்கெஸ்ட்ரா சத்தம்னு ஒவ்வொரு பகுதியிலருந்தும் எவ்வளவு ரிவர்புக்கு போகணும்ங்கிற சென்ட் லெவல் தனித்தனியா. மாடி டேங்க்ல ஒரு கேட் வால்வு, கீழ ஒவ்வொரு குழாய்க்கும் தனி திருகுன்னு வச்சுக்கோங்க, சமையல்கட்டு குழாய மூடிட்டு தண்ணி ஏன் நிக்கலன்னு பாத்தா பின்கட்டு குழாய் திறந்துதான் இருக்கும். நீங்க வலது கைக்கு மட்டும் குறைச்சிருப்பீங்க, பேஸ் அப்படியே ஓடியிருக்கும். உண்மையில மொதல்ல குறைக்க வேண்டியதே பேஸ்தான், ஏன்னா கல்லு, கான்கிரீட் கட்டடத்துல தாழ்ந்த சத்தம் சீக்கிரம் அடங்காது, அது கிடந்து முழங்குறதுதான் உங்களுக்கு கொழகொழன்னு கேக்குது.

இப்படி செய்யுங்க. கருவில ரிவர்ப், கோரஸ் (சத்தத்தோட நகல லேசா ஆட்டி சேர்க்கிறது), டிலே (அதே சத்தத்த கொஞ்சம் கழிச்சு திரும்ப கேக்க வைக்கிறது) மூணையும் ஜீரோ ஆக்குங்க, மிக்சர்லயும் அக்கார்டியன் சேனல் எஃபெக்ட்ட மூடச் சொல்லுங்க. ஒருத்தர வாசிக்க விட்டுட்டு நீங்க கடைசி பெஞ்சுல போய் உக்காந்து கேளுங்க, வாசிக்கிற இடத்துல நின்னு கேட்டு முடிவெடுக்கவே கூடாது. ரொம்ப வறண்டு கேட்டா வலது கைக்கு மட்டும் ரூம் வகைல (சின்ன அறை எதிரொலி) கொஞ்சமா ஏத்துங்க. ஹால் வகை இந்த கட்டடத்துக்கு வேண்டாம். பிளேட்னு ஒண்ணு இருக்கும், அந்தக் கால ஸ்டுடியோல பெரிய இரும்புத் தகட்ட அதிர வச்சு ரிவர்ப் எடுப்பாங்க, 1957ல ஜெர்மனில ஈஎம்டி 140ன்னு வந்த மெஷின்தான் அதுல பேர் போனது, அந்த சத்தத்தோட நகல்தான் இது. தனியா மெலடி வாசிக்கிற இடத்துக்கு பளிச்சுனு இருக்கும், கொயரோட சேர்த்து வாசிக்க வேண்டாம்.

ஒண்ண மறக்காதீங்க, சனிக்கிழமை காலி சர்ச்சுல செட் பண்ணது ஞாயித்துக்கிழமை சரியா இருக்காது. ஆளும் துணியும் சத்தத்த உறிஞ்சும், கூட்டம் நிறைஞ்சா எதிரொலி நல்லாவே குறையும். அதனால காலி சர்ச்சுல உங்க காதுக்கு லேசா கம்மின்னு தோணுற அளவுலயே வைக்கிறத விட, அத ஒரு செட்டிங்காவும் கொஞ்சம் கூட்டுனத இன்னொண்ணாவும் சேவ் பண்ணி வச்சுக்கோங்க, ஆராதனை தொடங்கினதும் எது எடுக்குதோ அதுக்கு மாறிக்கலாம்.

நாங்க கேரல்ஸுக்கு வீடு வீடா போவோம். வெளியில வாசிச்சா சத்தம் காத்துல போயிடுது. டிலே போட்டா நிறைஞ்சு கேக்கும்னு கூட்டாளி சொல்லுதான், போட்டா தாளம் தப்புது.
– வாசகி, குளச்சல்

உங்களுக்கு மேல சொன்னதுக்கு நேர் எதிர்மா. கடற்கரை மணல்ல, திறந்த தெருவுல சத்தத்த திருப்பி அனுப்ப சுவர் ஏது? அங்க ஹால் ரிவர்ப் தாராளமா வைக்கலாம், தப்பே இல்ல. ஆனா ரிவர்ப் சத்தத்த பெருசாக்காதுங்கிறத மனசுல வைங்க, கருவிக்குள்ள இருக்கிற ஸ்பீக்கர் சின்னது, கூட்டம் பாடுற இடத்துல அது எடுபடாது, பேட்டரில ஓடுற ஒரு சின்ன ஆம்ப் தோள்ல மாட்டிக்கிறதுதான் வழி.

டிலே தாளம் தப்புறதுக்கு காரணம் அது பாட்டோட வேகத்துக்கு பொருந்தாததுதான். கணக்கு சுலபம், 60,000 த பாட்டோட பிபிஎம்மால, அதாவது நிமிஷத்துக்கு எத்தனை அடிங்கிற எண்ணால, வகுத்தா ஒரு அடிக்கு எத்தனை மில்லி செகண்ட்னு கிடைக்கும். 120 வேகப் பாட்டுக்கு 500, அரை அடிக்கு 250. 100 வேகத்துக்கு 600, அரை அடிக்கு 300. டிலே டைம இதுல ஒண்ணுல வச்சு, ஃபீட்பேக்க ஒண்ணு ரெண்டு தடவ மட்டும் திரும்புற மாதிரி குறைச்சிடுங்க. ஆனா நடந்துக்கிட்டே பாடும்போது வேகம் கூடிக் குறையும், டிலே அதுக்கு வளையாது. அதனால என் அபிப்பிராயம், கேரல்ஸுக்கு டிலே வேண்டவே வேண்டாம், ரிவர்ப் போதும்.

மியூசெட்ங்கிற ரெஜிஸ்டர்ல, அதாவது அந்த சத்த வகைல, வாசிச்சா பக்கத்துல ஆர்மோனியம் வாசிக்கிற பெரியவர் சுருதி சேரலன்னு சொல்றார். கோரஸ் கூட்டினேன், இன்னும் மோசமாச்சு.
– வாசகர், தக்கலை

பெரியவர் காது சரியாத்தான் சொல்லியிருக்கு. மியூசெட்ங்கிறதே ரெண்டு மூணு ரீட வேணும்னே லேசா பிசகி வைக்கிறதுதான், அந்தப் பிசகுலருந்துதான் அலையலையா அந்த நடுக்கம் வருது. ஒரு ரீடு 440லயும் (செகண்டுக்கு 440 அதிர்வு) இன்னொண்ணு 10 சென்ட் (அரை சுரத்துல நூத்துல ஒரு பங்குதான் ஒரு சென்ட்) கூடவும் இருந்தா செகண்டுக்கு ரெண்டரை அலை வரும், 20 சென்ட்னா அஞ்சு அலை. மேல் ஸ்தாயிக்கு போனா அதுவே இரட்டிப்பாகும், அதனாலதான் கீழ வாசிக்கும்போது இனிமையா இருக்கிறது மேல போனதும் குத்துது. கோரஸ் எஃபெக்டும் இதே வேலையத்தான் செய்யுது, உங்க சத்தத்தோட நகல எடுத்து கொஞ்சம் தள்ளி ஆட்டிக் காட்டும். பிசகுக்கு மேல பிசகு சேர்ந்தா ஆர்மோனியம் எங்க போய் சேரும்?

கோரஸ அணைச்சிடுங்க. மியூசெட் டியூனிங்னு மெனுவுல ஃப்ரெஞ்ச், இத்தாலியன், ட்ரைன்னெல்லாம் இருக்கும், ட்ரை எடுத்துப் பாருங்க, அதுல பிசகு ரொம்ப கம்மியா இருக்கும். அதுக்கு முன்னாடி ஆர்மோனியத்தோட சுருதி 440தானான்னு ஃபோன்ல ஒரு டியூனர் போட்டு பாத்துருங்க. பழைய ஆர்மோனியம் அதுலருந்து கொஞ்சம் விலகி நிக்கிறது சகஜம், அதோட ரீட ஆளக் கூட்டி சுரண்டணும், உங்க கருவில மாஸ்டர் டியூன (மொத்த கருவியோட சுருதி) ரெண்டு தட்டு தட்டினா போதும். மாற வேண்டியது நீங்கதான். அந்த நடுக்கம் பாட்டுக்கு இடையில தனியா வாசிக்கிற பிட்டுக்கு ரொம்ப அழகு, அங்க மட்டும் மியூசெட்டுக்கு மாறிக்கோங்க.

ஸ்பீக்கர்ல சுரத்தோட டக் டக்னு கட்டை சத்தமும் கேக்குதே, ரிப்பேரா?
– வாசகர், நாகர்கோவில்

ரிப்பேர் இல்ல. உள்ள ரீடு கிடையாது, பெல்லோஸ்ல (இழுத்து அமுக்குற துருத்தி) ஒரு சென்சார் அழுத்தத்த அளக்க, சத்தத்த கம்ப்யூட்டர்தான் செய்யுது. ரோலண்ட் 2004ல வி-அக்கார்டியன கொண்டு வந்ததுலருந்தே நிஜ கருவியோட வால்வு மூடுற சத்தம், பட்டன் சத்தம் இதையெல்லாம் சேர்த்தே செய்றாங்க. ஹெட்ஃபோன்ல அது சுகம், பெரிய ஸ்பீக்கர்ல தொந்தரவு. வால்வ் நாய்ஸ், பட்டன் நாய்ஸ்னு இருக்கும், ரெண்டையும் குறைச்சிடுங்க.

ராத்திரி உக்காந்து எல்லாம் செட் பண்றேன், காலைல ஆன் பண்ணா பழையபடி இருக்கு. ஏன்?
– வாசகி, மார்த்தாண்டம்

நீங்க மாத்தினது தற்காலிக மெமரியில இருக்கு, ரைட் இல்லன்னா சேவ்ங்கிறத அழுத்தாம ஆஃப் பண்ணா போயிடும், ஆஃப் பண்ணாமலே வேற செட்டுக்கு மாறினாலும் போகும். மாத்தினதும் சத்தம் மாறிக் கேக்கறதால சேவ் ஆயிடுச்சுன்னு தோணிடுது. எது எங்க சேவ் ஆகுதுங்கிறதையும் பாருங்க, சில அளவு ரெஜிஸ்டருக்கு ரெஜிஸ்டர் தனி, சிலது மொத்த கருவிக்கும் பொது. ஒரு ரெஜிஸ்டர்ல ரிவர்ப் குறைச்சு சேவ் பண்ணிட்டு அடுத்த ரெஜிஸ்டருக்கு போனா அங்க பழைய ரிவர்ப்தான் நிக்கும். நீங்க வாசிக்கிற ரெஜிஸ்டர் ஒவ்வொண்ணா எடுத்து மாத்தி சேவ் பண்ணுங்க. யூஎஸ்பி வசதி இருக்கிற மாடல்னா பென்டிரைவ கருவிலயே ஃபார்மேட் பண்ணி மொத்த செட்டிங்கையும் ஒரு காப்பி எடுத்து சர்ச் அலமாரில வச்சிடுங்க, அடுத்து வாசிக்கிற பிள்ளைங்க என்ன மாத்தியிருந்தாலும் திரும்ப ஏத்திக்கலாம்.