48,000 ரூபாய் பாத்திர செட்டைத் தவணையில் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு 29 வயது. திருமணமாகி ஆறு மாதம் ஆகிறது. கோவையில் வாடகை வீட்டில் இருக்கிறோம். இருவர் சம்பளமும் சேர்ந்து மாதம் 62,000 ரூபாய். போன ஞாயிறு எங்கள் அபார்ட்மெண்டில் ஒரு டெமோ நடந்தது. 'சர்ஜிக்கல் ஸ்டீல்' பாத்திர செட், 11 பீஸ், விலை 48,000. வட்டியில்லாத் தவணையில் மாதம் 4,000 வீதம் ஒரு வருடம் கட்டினால் போதும், கேஸ் செலவு பாதியாகும், ஆயுளுக்கும் வேறு வாங்க வேண்டாம் என்கிறார்கள். 2,000 ரூபாய் முன்பணம் கட்டிவிட்டேன். கிரெடிட் கார்டில் 18,000 பாக்கி இருக்கிறது. வீட்டில் இப்போது இருப்பது ஒரு பழைய குக்கரும் பூச்சு உரிந்த நான்ஸ்டிக் தவாவும்தான். செட்டை எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். முதல் வேலையாக அந்த முன்பணத்தைத் திரும்பக் கேளுங்கள். கடை இல்லாமல் ஆள் வைத்து வீடு வீடாக விற்கும் நேரடி விற்பனை நிறுவனங்களுக்கு 2021-ல் வந்த நுகர்வோர் விதிகளின்படி, வாங்கியவர் மனம் மாறி ரத்து செய்ய ஒரு கால அவகாசம் தரவேண்டும். ரசீதின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் எத்தனை நாள் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். போனில் பேசி விட்டுவிடாமல் மின்னஞ்சலாகவே அனுப்புங்கள். இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. ஒருவேளை அந்த 2,000 போயே போனாலும், அதைக் காப்பாற்றுவதற்காக இன்னும் 46,000 கட்டுவதில் கணக்கு எங்கே இருக்கிறது?

இப்போது அவர்கள் சொன்ன கணக்கைப் பார்ப்போம். உங்களுக்கு ஒரு சிலிண்டர் 50 நாள் வருகிறது, விலை 900 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு ஏழு சிலிண்டர் சொச்சம், சுமார் 6,600 ரூபாய். அதில் உண்மையிலேயே பாதி மிச்சமானாலும் 3,300 தான். செட்டின் விலை திரும்பக் கிடைக்க 14 வருடத்துக்கு மேல் ஆகும். அதுவும் டீயும் பாலும் தோசையும் எல்லாம் பாதி கேஸில் ஆகவேண்டும். எந்தப் பாத்திரமும் அதைச் செய்யாது.

வட்டியில்லாத் தவணை என்பதிலும் வட்டி இருக்கிறது. பெரும்பாலும் கடைக்காரர் ஒரு தள்ளுபடி கொடுத்து, அதே தொகையை வங்கி வட்டியாக எடுத்துக்கொள்ளும். வருட வட்டி 15 சதவீதம் என்றால் உங்கள் 48,000-ல் ஏறக்குறைய 3,700 ரூபாய் வட்டி ஒளிந்திருக்கிறது. அந்த வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி., 660 ரூபாய் போல, உங்கள் கையிலிருந்து போகும். செயலாக்கக் கட்டணம் தனி.

இதற்கு நடுவில் உங்கள் கார்டு பாக்கி வேறு. மாதம் 3.5 சதவீத வட்டி என்றால் 18,000-க்கு 630, வரியோடு 740 ரூபாய் மாதாமாதம் கரைகிறது. பாத்திரத்துக்குக் கட்டலாம் என்று நினைத்த அந்த 4,000-ஐ கார்டுக்குக் கட்டுங்கள். ஐந்து மாதத்தில் கிட்டத்தட்ட முடிந்துவிடும்.

டெமோவில் உங்கள் வீட்டுப் பாத்திரத்தில் சோடா உப்பைப் போட்டுக் கொதிக்கவைத்து, சுவைத்துப் பார்க்கச் சொன்னார்களா? நான் உட்கார்ந்திருந்த டெமோவில் சொன்னார்கள். வாய் கசந்தது, பக்கத்து நாற்காலி அம்மாள் அங்கேயே செக் எழுதிவிட்டார். சோடா உப்பைக் கொதிக்கவைத்தால் அது மெல்லச் சலவைச் சோடாவாகும். அது கசக்காமல் இனிக்குமா? யார் வீட்டிலும் சோடா உப்பில் குழம்பு வைப்பதில்லை.

'சர்ஜிக்கல்' என்று சொல்லி விற்பது பெரும்பாலும் 316 ரக எவர்சில்வர். அதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் கூடுதலாக இருக்கும். கடல்நீரும் உப்புக்காற்றும் படும் இடத்தில் அதற்கு வேலை உண்டு. சாம்பாருக்கு 18/8, அதாவது 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உள்ள 304 ரகம் தாராளம். அப்புறம் அந்த 11 பீஸை எண்ணிப் பாருங்கள், மூடியையும் ஒரு பீஸாகத்தான் சேர்த்திருப்பார்கள். நாலு மூடி போக மிச்சம் ஏழு. அதில் தினமும் அடுப்பேறுவது மூன்று இருந்தால் அதிகம்.

சரி, என்னதான் வாங்குவது? செட்டாக வாங்காதீர்கள். நீங்கள் தினமும் சமைப்பதை வைத்து ஒவ்வொன்றாக வாங்குங்கள்.

முதலில் வார்ப்பிரும்பு தோசைக்கல், 1,200 ரூபாய்க்குள். நான்ஸ்டிக் தவா 900 ரூபாய், தினமும் தோசை வார்த்தால் இரண்டு வருடம் தாங்கும் என்று வைத்தால், பத்து வருடத்துக்கு ஐந்து தவா, 4,500 ரூபாய். காலியாக அடுப்பில் வைத்து மறந்தால், 260 டிகிரி தாண்டியதும் அந்தப் பூச்சு சிதையத் தொடங்கும். இரும்புக் கல்லுக்கு அந்தப் பயம் இல்லை. ஆனால் பழக்கவேண்டும். எண்ணெய் தடவி, சூடேற்றி, ஆறவிட்டு, மறுபடி எண்ணெய். நாலைந்து நாள் இதைச் செய்யாமல் முதல் தோசையை ஊற்றினால் பிய்த்துக்கொண்டுதான் வரும், கல்லைத் திட்டாதீர்கள். கழுவியதும் ஈரம் துடைத்து வைக்கவேண்டும். கனமானது என்பதால், மணிக்கட்டு வலி உள்ளவர்கள் கடையிலேயே ஒரு கையால் தூக்கிப் பார்த்து வாங்குவது நல்லது.

பணம் கொஞ்சம் கூடப் போடத் தகுந்தது கடாய். எவர்சில்வர் துருப்பிடிக்காதே தவிர, சூட்டைப் பரப்புவதில் மந்தம். அலுமினியம் அதைவிடச் சுமார் 15 மடங்கு நன்றாகக் கடத்தும். மெல்லிய எவர்சில்வர் சட்டியில் உப்புமா நடுவில் மட்டும் அடிபிடிப்பது இதனால்தான். இரண்டு எவர்சில்வர் தகடுக்கு நடுவே அலுமினியம் வைத்த ட்ரைபிளை கடாய், 24 செ.மீ. அளவில், 2,000 ரூபாய் ஒதுக்கி ஒன்று வாங்குங்கள். அடியில் மட்டும் செம்பு நிறம் பூசியதைப் பார்த்து மயங்கவேண்டாம்; பல பாத்திரங்களில் அது வெறும் மெல்லிய முலாம். இண்டக்ஷன் அடுப்பும் வைத்திருந்தால் ஒரு காந்தத்தைக் கையோடு கொண்டுபோய் அடியில் ஒட்டுகிறதா என்று பாருங்கள்.

குக்கரை மாற்ற வேண்டுமா என்பது அதன் நிலையைப் பொறுத்தது. அடி உப்பாமல், பிடி ஆடாமல் இருந்தால் கேஸ்கெட்டும் சேஃப்டி வால்வும் மாற்றி ஓட்டுங்கள், 300 ரூபாய்க்குள் முடியும். மாற்றியே ஆகவேண்டுமென்றால் இருவருக்கு 3 லிட்டர் போதும், ஐ.எஸ். 2347 எண்ணுடன் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா பாருங்கள். பால், டீக்குச் சாதாரண எவர்சில்வர் பாத்திரத்தைப் பாத்திரக்கடையில் எடை போட்டு வாங்கிக்கொள்ளலாம்.

மொத்தம் 4,000 சொச்சம், புதுக் குக்கர் என்றால் 6,500. இந்த மாதம் தோசைக்கல்லும் கேஸ்கெட்டும் மட்டும். கடாய் கார்டு பாக்கி முடிந்த பிறகு.

அதற்கு முன்னால் ஒரு நாள் அம்மா வீட்டுக்குப் போய்ப் பரணை இறக்கிப் பாருங்கள். அவர் கல்யாணத்துக்குப் பெயர் வெட்டிக் கொடுத்த எவர்சில்வர் அண்டாவும் பித்தளை உருளியும் சாக்கில் கட்டிக் கிடக்கும். இப்போது கிடைப்பதைவிட அவை கனமாகவே இருக்கும். உருளியை எடுத்துவந்தால் உள்ளே வெள்ளீயம் (டின்) பூசிக்கொள்ளுங்கள். பூசாத பித்தளையில் புளிக்குழம்பு மட்டும் வைத்துவிடாதீர்கள்.