வெளுத்த விரலும் நனைந்த கையுறையும்

உங்கள் கணவரின் விரல்கள் அழுகிப்போகாது, அம்மா. உங்கள் கடிதத்தில் கொழுப்பு, வைட்டமின் என்று நிறையக் கேட்டிருக்கிறீர்கள். உள்ளே இருக்கும் பயம், குளிரில் வெளுக்கும் அவர் விரல் அழுகிவிடுமோ என்பதுதான். பட்டர்வொர்த் மீன் கிடங்கில், மைனஸ் 20 டிகிரி அறையில் பெட்டி அடுக்கிவிட்டு வருகிறார். விரல் வெளுக்கிறது, பத்து நிமிடத்தில் சிவந்து குறுகுறுக்கிறது. சுருங்கிய ரத்தக்குழாய் திரும்ப விரிகிறது, அவ்வளவுதான்.

கவனிக்க வேண்டியது வேறு. வெளியே வந்து அரை மணி நேரமாகியும் நிறம் திரும்பவில்லை, கிள்ளினால் உறைக்கவில்லை, தோல் மெழுகுபோல் விறைத்திருக்கிறது, அல்லது கொப்புளம் கிளம்புகிறது என்றால் அப்போதே அவசரப் பிரிவுக்குப் போங்கள். ஷிப்ட் முடியட்டும் என்று இருக்காதீர்கள். தைலம் போட்டுத் தேய்க்கவே கூடாது. அடுப்பிலும் காட்டக் கூடாது. மரத்த விரல் வெந்தாலும் அவருக்குத் தெரியாது.

அப்புறம் அந்தத் துருவக் கரடி விஷயம். அதன் தோலுக்கடியில் 10 சென்டிமீட்டர் வரை கொழுப்பு உண்டு என்று இணையத்தில் படித்துவிட்டு, தினமும் வெண்ணெயை அள்ளிச் சாப்பிடுகிறாராம். அந்தக் கொழுப்பு கரடிக்கு உதவுவது முக்கியமாகத் தண்ணீருக்குள். கரையில் அதைக் காப்பது ரோமம். அடியில் நெருக்கமான பஞ்சு ரோமம், மேலே உள்ளீடற்ற நீண்ட ரோமம். நனைந்தால் அந்த ரோமம் குளிரைத் தாங்காது. அதனால்தான் கடலிலிருந்து ஏறியதும் கரடி உடம்பை உதறி, பனியில் புரண்டு ஈரத்தைப் போக்குகிறது. உங்கள் கணவர் என்ன செய்கிறார்? மீன் தண்ணீரில் ஊறிய பருத்திக் கையுறையோடு எட்டு மணி நேரம் நிற்கிறார். வயிற்றில் சேரும் கொழுப்பு விரலுக்கு வராது. மூன்று ஜோடி கையுறை வாங்குங்கள். உள்ளே கம்பளி, மேலே நீர்புகாதது. நனைந்தால் உடனே மாற்றட்டும். சிகரெட்டையும் விடச் சொல்லுங்கள், அதுவும் ரத்தக்குழாயைச் சுருக்கும்.

வேளைக்கு நான்கு மீன் ஈரல் எண்ணெய் மாத்திரை என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்குக் கோபமே வந்தது. யார் சொல்லி எடுக்கிறார்? இன்றே நிறுத்துங்கள். 1597-இல் ஆர்க்டிக்கில் சிக்கிய டச்சு மாலுமிகள் துருவக் கரடியின் ஈரலைத் தின்று நோயில் விழுந்தார்கள். சிலருக்கு உடம்பெல்லாம் தோல் உரிந்தது. அந்த ஈரலில் வைட்டமின் ஏ அவ்வளவு அதிகம். மாத்திரையில் அந்த அளவு இருக்காது, ஆனால் அதே வைட்டமின்தான், உடம்பில் சேர்ந்துகொண்டே போகும். தலைவலி, வாந்தி, தோல் உரிதல் ஏதாவது இருந்தால் மாத்திரைப் புட்டியோடு கிளினிக்குக்கு வரச் சொல்லுங்கள்.