பம்பிள்பீ கோபிக்கு எவ்வளவு உப்பு?

கேள்வி: ஐயா, நான் உப்புவெளியில் வீட்டு முற்றத்தில் சீமெந்துத் தொட்டி கட்டி, கப்பி, மொலி மீன்கள் வளர்த்து விற்பவன். போன மாதம் பம்பிள்பீ கோபி என்ற மஞ்சள் கறுப்புப் பட்டைச் சின்ன மீன் பன்னிரண்டு வாங்கி, இரண்டடிக் கண்ணாடித் தொட்டியில் கப்பிகளோடு விட்டேன். நன்னீர் மீன், எந்தத் தீனும் தின்னும் என்று சொல்லித்தான் தந்தார்கள். பக்கெட் தீனை அவை திரும்பியும் பார்க்கவில்லை. நான்கு செத்துவிட்டன. மற்றவை வயிறு ஒட்டி அடியிலேயே கிடக்கின்றன. கடையில் கேட்டதற்கு உப்புப் போடச் சொன்னார்கள், போட்டேன். பிறகு நீல மருந்து தந்தார்கள், அதையும் ஊற்றினேன். எவ்வளவு உப்புப் போட்டால் இவை பிழைக்கும்? பெருக்கி விற்கும் ஆசையில்தான் வாங்கினேன், அது நடக்குமா? மகாவலி முகத்துவாரத்தில் பிடிபடும் சின்ன உழுவை மீன்களையும் சேர்த்து விடலாமா?

பதில்: தம்பி, உங்கள் மீன்களுக்கு வந்திருப்பது பட்டினி. உப்பாலும் நீல மருந்தாலும் பட்டினி தீராது.

கேட்டதற்கு முதலில் சொல்லிவிடுகிறேன். பம்பிள்பீ கோபி என்ற பேரில் விற்பது ஒரே இன மீன் அல்ல. பிராக்கிகோபியஸ் என்ற பேரினத்தில் பல இனங்கள் தென்கிழக்காசியாவில் உண்டு. சில கழிமுகத்து உவர்நீரில் வாழும், சில காட்டுச் சதுப்பின் நன்னீரிலேயே வாழும், சில இரண்டிலும் காணப்படும். கடைத் தொட்டியைப் பார்த்து எது என்று பிரிப்பது கடினம். ஆனால் கடைக்கு வருகிறவற்றில் பெரும்பாலானவை சற்றுக் கடினமான, காரத்தன்மையுள்ள தண்ணீரில் உப்பே இல்லாமல் நன்றாக இருக்கும். உங்கள் கிணற்றுத் தண்ணீரில் சவர்க்காரம் லேசில் நுரைக்காது என்றால் அந்தத் தண்ணீரே போதும். இனி உப்பைக் கூட்ட வேண்டாம். நீல மருந்தை எடுக்க மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றி, பில்டரில் செயலூட்டிய கரி (activated carbon) போடுங்கள். அந்த மருந்து பில்டரில் உள்ள நல்ல பக்டீரியாவையும் கொல்லும், பிறகு அமோனியா ஏறி மிஞ்சிய மீனும் போய்விடும். மெலிந்து கிடக்கும் மீனுக்கு மருந்து கொடுத்தவர் அதன் வயிற்றை ஒரு தடவையாவது பார்த்திருக்க வேண்டும்.

கப்பிகளை இன்றே வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். கோபி ஒன்றரை அங்குலத்துக்கு மேல் வளராது, அடியில் இருந்து பார்த்துப் பார்த்துத் தின்னும். அது யோசிப்பதற்குள் கப்பி எல்லாவற்றையும் தின்றுவிடும். பசி கூடினால் கோபி கப்பியின் வாலைக் கடிக்கும்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. இந்த மீனுக்கு வருடம் முழுவதும் உயிர்த்தீன் எங்கிருந்து வரும்? இந்த மீன் அசைவதைத்தான் இரை என்று கண்டுகொள்ளும். சில மட்டும் நாளடைவில் உறைய வைத்த இரத்தப்புழுவுக்குப் பழகும். பக்கெட் தீனுக்குப் பழகுவது அபூர்வம். யார் கேட்டாலும் நான் இதைத்தான் சொல்கிறேன்: தீன் வளர்ப்புத் தொடங்கி ஒரு மாதம் தடையில்லாமல் ஓடிய பிறகே கோபி வாங்குங்கள். மீனை வாங்கிவிட்டுத் தீனைத் தேடுகிறவர்கள் எல்லோரும் உங்களைப் போலத்தான் கடிதம் எழுதுகிறார்கள்.

இப்போதைக்கு மொய்னா என்ற சின்ன நீர்த்தெள்ளு கிடைத்தால் நாளுக்கு இரண்டு தடவை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். கிடைக்காவிட்டால் உறைய வைத்த இரத்தப்புழுவை அரிந்து, மெல்லிய குழாயால் மீனின் மூக்குக்கு முன்னால் அசைந்து விழும்படி விடுங்கள். சின்ன நுளம்புக் குடம்பியும் அருமையான தீன்தான். ஆனால் அதற்காக முற்றத்தில் வாளி வைக்காதீர்கள். 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டம் இருக்கிறது. பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்தால் வழக்குத்தான், அயலில் டெங்கு வந்தால் அதைவிடப் பாவம்.

மொய்னாவை உங்கள் சீமெந்துத் தொட்டி ஒன்றிலேயே வளர்க்கலாம். கப்பித் தொட்டியின் பழைய பச்சைத் தண்ணீரை ஊற்றி, அதில் கொஞ்சம் மொய்னா விட்டு, வெயில் படும் இடத்தில் விட்டு, மேலே நுளம்பு வலை கட்டுங்கள். திருகோணமலைச் சூட்டுக்கு டாப்னியா என்ற மற்ற நீர்த்தெள்ளு தாங்காது, மொய்னா தாங்கும். ஒரு வாரத்துக்குள் பெருகும். தண்ணீரின் பச்சை குறைந்தால் ஈஸ்டைக் கரைத்து மிகக் கொஞ்சமாக விடுங்கள். கூடினால் தண்ணீர் அழுகி ஒரே இரவில் எல்லாம் போய்விடும். எப்போதும் இரண்டு தொட்டியாக வையுங்கள், ஒன்று விழுந்தால் மற்றது கை கொடுக்கும். மைக்ரோ வேர்ம் புழுவையும் ஓட்ஸ் கஞ்சியில் ஐஸ்கிரீம் பெட்டிக்குள் வளர்க்கலாம். கச்சான் காற்றுக் காலத்தில் அது சீக்கிரம் நாறும், ஆகவே அடிக்கடி புதுப் பெட்டிக்கு மாற்றுங்கள்.

ஆர்டீமியா என்ற, உப்புத் தண்ணீரில் வாழும் சின்ன இறால் போன்ற உயிரில்தான் உங்கள் ஊருக்குப் பெரிய வசதி. அதன் முட்டை பொரிக்க லீற்றருக்கு 25 முதல் 30 கிராம் உப்பு வேண்டும். கொழும்பில் இருப்பவர் காசு கொடுத்துக் கரைக்கும் தண்ணீர் உங்கள் வீட்டு வாசலில் அலையடிக்கிறது. உள்துறைமுகத்திலும் படகு கட்டும் இடத்திலும் எடுக்காதீர்கள், டீசல் மிதக்கும். நிலாவெளிப் பக்கம் திறந்த கடலில் எடுத்துத் துணியில் வடியுங்கள். மாரியில் மகாவலி வெள்ளம் கொட்டியாரக் குடாவில் விழும்போது அந்தப் பக்கத்துத் தண்ணீர் கலங்கி, உப்பும் குறைந்துவிடும். அதற்கு முன்பே கான்களில் நிரப்பி, நிழலில் மூடி வையுங்கள். போத்தலைக் கவிழ்த்துக் கட்டி, அடியிலிருந்து காற்று பலமாக விட்டு, லைட் போட்டு வைத்தால் 24 மணி முதல் 36 மணி நேரத்தில் பொரிக்கும். காற்றை நிறுத்திச் சற்று விட்டால் கோது மேலே மிதக்கும், குஞ்சுகள் கீழே வெளிச்சத்துக்குக் கூடும், அவற்றை மட்டும் குழாயால் எடுங்கள். பொரித்த உடனே கொடுத்துவிட வேண்டும், நேரம் போகப் போகச் சத்துக் குறையும்.

இந்த முட்டையை ரின்னை உடைத்துச் சின்னப் பக்கெட்டில் கட்டி விற்பவர்களிடம் வாங்காதீர்கள். ஈரம் ஏறிய முட்டை பாதிகூடப் பொரிக்காது. பூட்டிய ரின்னை இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொள்ளுங்கள். உங்கள் பங்கைக் காற்றுப் புகாத போத்தலில் குளிர்சாதனப் பெட்டிக்குள் வையுங்கள்.

உப்புக்கு இங்கேதான் வேலை. நன்னீரில் விழுந்த ஆர்டீமியாக் குஞ்சு சில மணி நேரத்தில் செத்து அடியில் அழுகும். ஒன்பது பங்கு கிணற்றுத் தண்ணீரில் ஒரு பங்கு கடல் தண்ணீர் கலந்தால் அதைவிட நெடுநேரம் நீந்தும், மீனும் ஆறுதலாகத் தின்னும். கோபிக்கும் அந்த உப்பு தாங்கும். ஆகவே கலப்பதென்றால் தீனை உயிரோடு வைப்பதற்காகக் கலவுங்கள். ஒரே நாளில் மாற்றாமல் நாலைந்து நாளில் படிப்படியாகக் கொண்டுபோங்கள்.

பெருக்கலாமா என்றால், பெருக்கலாம். நன்றாகத் தின்னும் கூட்டத்தில் ஆணும் பெண்ணும் தாமாகச் சேரும். ஒரு பக்கம் அடைத்த அரை அங்குல பிவிசி குழாய்த் துண்டுகளையும் வெறும் நத்தைக் கூடுகளையும் மீனின் எண்ணிக்கையைவிடக் கூடுதலாகப் போடுங்கள். பெண் உள்ளே முட்டை ஒட்டிவிட்டுப் போய்விடும், ஆண் காவல் இருக்கும். ஒரு வாரம், கூடினால் பத்து நாளில் பொரிக்கும். பொரிக்கும் தறுவாயில் அந்தத் துண்டை ஆணோடு தனித் தொட்டிக்கு மாற்றி, பொரித்ததும் ஆணை எடுத்துவிடுங்கள். குஞ்சு அவ்வளவு சிறிது. முதல் நாட்களில் ஆர்டீமியா கொடுப்பது பால்குடிப் பிள்ளைக்குச் சோறு ஊட்டுவது மாதிரி. அப்போது ஆர்டீமியாவைவிடச் சிறிய ரொட்டிபர் என்ற நுண்ணுயிர் வேண்டும். உவர்நீர் ரொட்டிபராகப் பாருங்கள், நன்னீர் நுண்ணுயிர் உப்புக் கலந்த தொட்டியில் செத்துவிடும். ஒரு வாரம் தாண்டி, ஆர்டீமியா தின்று வயிறு செம்மஞ்சளாகத் தெரிந்தால் குஞ்சு தப்பியது என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்த முறை கடைக்குப் போனால், உங்கள் கண் முன்னால் மீனுக்குத் தீன் போடச் சொல்லுங்கள். தின்னாத மீனை அரை விலைக்குத் தந்தாலும் எடுக்காதீர்கள். நன்னீர் மீன், எதையும் தின்னும் என்று சொல்லி இந்த மீனை விற்பவர் ஒன்றில் மீனை அறியாதவர், அல்லது அறிந்தும் பொய் சொல்பவர்.

உழுவை வேண்டாம். அதுவும் கோபி இனம்தான், ஆனால் கையளவுக்கு மேல் வளரும், வாய்க்குள் அடங்கும் மீனை எல்லாம் விழுங்கும். கப்பியும் மிஞ்சாது, பம்பிள்பீயும் மிஞ்சாது. தென்மேற்கு ஓடைகளில் பிடித்த சிவப்புச் சொண்டுக் கோபி என்று யாராவது கொண்டு வந்தாலும் வாங்காதீர்கள். இலங்கையில் மட்டும் வாழும் மீன் அது. அதன் குஞ்சு பொரித்ததும் ஆற்றோடு கடலுக்குப் போய், வளர்ந்து திரும்பி வரும் வகை, வீட்டுத் தொட்டியில் அதைப் பெருக்க முடியாது.

மிஞ்சிய எட்டில் வயிறு முழுதாக உள்ளே போனவை பிழைப்பது சந்தேகம். மற்றவை இரண்டு வாரம் உயிர்த்தீன் தின்றால் தேறும். அதுவரை புதிதாக ஒன்றும் வாங்காமல் மொய்னாத் தொட்டியைத் தொடங்குங்கள்.