மாஸ்டடான் போன்ற பரவலாக்கப்பட்ட சமூக ஊடகத் தளங்களில் (ஒரே நிறுவனம் அல்லாமல் பலர் தனித்தனி சர்வர்களில் நடத்துபவை) வயதுச் சரிபார்ப்புச் சட்டத்தை யார் நிறைவேற்றுவது?

அந்தந்த சர்வரை நடத்துபவரே பொறுப்பு என்பது நேரான பதில். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலச் சட்டம் சிறுவர்களை மட்டுமல்ல, கணக்குத் தொடங்கும் எல்லோருடைய வயதையும் சரிபார்க்கச் சொல்கிறது. ஒவ்வொரு மீறலுக்கும் 10,000 டாலர் வரை அபராதம் உண்டு. அதை நிறுத்திவைக்க உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் மறுத்தபின், ப்ளூஸ்கை என்ற சமூக ஊடக நிறுவனம் அம்மாநிலத்தவருக்குத் தன் செயலியையே அடைத்தது. அம்முடிவு அதே நெறிமுறையில் (செயலிகள் தரவைப் பகிர்ந்துகொள்ளும் பொது விதிமுறையில்) இயங்கும் பிற செயலிகளைக் கட்டுப்படுத்தவில்லை. மாஸ்டடானின் 4.4 பதிப்பில், பதிவுசெய்பவரின் பிறந்த தேதியைக் கேட்டு, குறைந்தபட்ச வயதோடு ஒப்பிட்டபின் அதைச் சேமிக்காமல் விடும் வசதி இருக்கிறது. அது தனியுரிமைக்கு நல்லதுதான், ஆனால் சொன்ன தேதி மெய்யா என்று சோதிப்பதில்லை. கைக்காசில் சர்வர் நடத்தும் தனியாள் ஒருவரை அடையாள அட்டைப் படங்களைச் சேகரிக்க வைப்பது, என் பார்வையில், பிள்ளைகளைக் காப்பதைவிடத் தரவுக் கசிவுக்கே வழிவிடும்.