மேலே ஏறிய கோரைப்பல்லுக்கு அலைனர் போதுமா?

வேலைக்குப் போகிற இடத்தில் கம்பி தெரிந்தால் சங்கடம், அலைனரே (பல்மேல் மாட்டிக் கழற்றும், நிறமில்லாத பிளாஸ்டிக் உறை) போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கோரைப்பல் மேலே ஏறி, திரும்பியும் இருக்கிறது என்கிறீர்களே, சிக்கல் அங்கேதான். அலைனர் பல்லைச் சாய்ப்பதில் கெட்டி; கீழே இழுப்பதிலும் உருண்டையான பல்லைத் திருப்புவதிலும் திணறும். பிடிமானத்துக்குப் பல் நிறத்திலேயே சின்னப் புடைப்புகள் ஒட்டுவார்கள், ஆக முழுக்க மறைவாகவும் இருக்காது. நாளுக்கு 20 முதல் 22 மணி நேரம் போட்டிருக்கவும் வேண்டும். சாப்பிடும்போது கழற்றி டிஷ்யூவில் சுற்றி வைத்தீர்களோ, குப்பையோடு போய்விடும்!

உங்கள் இடத்தில் நான் இருந்தால் செராமிக் பிராக்கெட் கேட்பேன், அதாவது கம்பியைப் பிடித்துக்கொள்ளப் பல்லில் ஒட்டும், பல் நிறத்துப் பீங்கான் வில்லை. உலோகக் கம்பி போலவே வேலை செய்யும், தள்ளி நின்று பார்த்தால் அவ்வளவாகத் தெரியாது. அதைச் சுற்றிய ரப்பர் வளையம்தான் காபி, டீயில் மஞ்சளாகும்; அடுத்த முறை போகும்போது மாற்றிவிடுவார்கள். உள்பக்கம் ஒட்டும் வகையும் உண்டு, ஆனால் நாக்கு உரசும், கொஞ்ச நாள் பேச்சு குழறும்.

முதலில் மருத்துவரிடம் கேளுங்கள்: அந்தப் பல் இறங்க இடம் இருக்கிறதா, இல்லை முன்கடைவாய்ப்பல்லை எடுக்க வேண்டுமா? எதைப் போட்டாலும் கடைசியில், பல் பழைய இடத்துக்கே திரும்பாமல் பிடித்துவைக்கும் ரிட்டெய்னர் உண்டு. அதையும் சேர்த்தே செலவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.