பழைய சப்வே (தரைக்கடி மெட்ரோ ரயில்), டிராம் பெட்டிகளை எப்ப மாத்தணும்னு எப்படி முடிவு பண்றாங்க?

வயச மட்டும் வச்சு முடிவு பண்ணா தப்பாயிடும்ங்க. நியூயார்க் சப்வேல நடந்ததையே பாருங்க, 1964-65ல வந்த ஆர்32ங்கற மாடல் பெட்டி முழுக்க ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அதுக்கப்புறம் 1971-73ல வந்த ஆர்44 மாடல்ல அடிப்பகுதி எல்லாம் சாதா இரும்பு, அது உள்ளுக்குள்ளயே துருப்பிடிச்சு 2009 கடைசில பெட்டிய தாங்குற ஃப்ரேம்லயே பழுது இருக்குன்னு கண்டுபிடிச்சாங்க, அதனால அதே ஊர்ல இருக்குற ஸ்டேட்டன் ஐலண்ட் தீவு தவிர மத்த இடத்துல 2010லயே ஓரங்கட்டிட்டாங்க. மூத்த ஆர்32 என்னமோ 2022 ஜனவரி வரைக்கும் ஓடுச்சு! மோட்டார், கதவு, ஏசி எல்லாம் மாத்திடலாம், ஃப்ரேம் போச்சுன்னா வண்டியே போச்சு.

அடுத்து பாக்குறது, ஒரு ரிப்பேருக்கும் அடுத்த ரிப்பேருக்கும் நடுவுல எத்தனை மைல் ஓடுதுன்னு. அது வருஷா வருஷம் குறைஞ்சுட்டே வந்தா, ஸ்பேர் பார்ட்ஸும் கம்பெனில நிறுத்திட்டா, பழைய பெட்டிய உடைச்சு பார்ட்ஸ் எடுத்து மாட்டுற நிலைமை வந்துடும். அதுக்கு முன்னாடியே ஆர்டர் போட்டாகணும், ஏன்னா பெட்டி கைக்கு வர பல வருஷம் ஆகும். பாஸ்டன்ல ஆரஞ்சு லைன்ங்கற மெட்ரோ பாதைக்கு 2014ல ஆர்டர் போட்டும் 2022லயும் பழைய பெட்டி ஓடிட்டுதான் இருந்துச்சு, அந்த ஜூலைல ஒண்ணு பாலத்து மேலயே தீப்பிடிச்சு ஒரு பொண்ணு ஆத்துல குதிச்சாங்க.

இன்னொண்ணு, என்னைப் பொறுத்தவரை இதுதான் முக்கியம். பிலடெல்பியால 1980கள்ல வந்த டிராம்ல படி ஏறித்தான் போகணும், வீல்சேர்ல வர்றவங்க ஏறவே முடியாது. அது நல்லா ஓடுதுன்னாலும் மாத்தத்தான் வேணும். அங்க 2023ல 130 புது டிராமுக்கு ஆர்டர் குடுத்துருக்காங்க.