ஆள்பவர் யார், உடையவர் யார்?

மதிப்பிற்குரிய ஐயா,

போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். முதலாளித்துவம், சமதர்மம், கம்யூனிசம், மக்களாட்சி, சர்வாதிகாரம் எல்லாம் எத்தனை முறை படித்தாலும் குழம்புகின்றன. ஓர் அட்டவணையாக விளக்க முடியுமா? நம் நாட்டுக்கு எது ஏற்றது? நல்ல சர்வாதிகாரி ஒருவர் பத்து ஆண்டுகள் ஆண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. இடதுசாரி, வலதுசாரி என்றால் என்ன?

மானூர் வட்டாரத்திலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

1789இல் பிரெஞ்சு தேசிய சபையில் மன்னரின் அதிகாரத்தை ஆதரித்தவர்கள் தலைவருக்கு வலப்புறமும், அதைக் குறைக்க விரும்பியவர்கள் இடப்புறமும் அமர்ந்தார்கள். இடது, வலது என்ற வழக்கு அங்கிருந்து வந்தது. தேர்வுக்கு இது போதும்.

அட்டவணை தரமாட்டேன். உங்கள் குழப்பத்துக்குக் காரணமே ஐந்து பெயர்களையும் ஒரே வரிசையில் நிறுத்தும் அட்டவணைகள்தாம். முடிவெடுப்பவர் யார், அவரை நீக்க மக்களுக்கு வழி உண்டா என்பது ஆட்சிமுறை பற்றிய கேள்வி; மக்களாட்சி, சர்வாதிகாரம் இந்த வகை. நிலமும் ஆலையும் யாருடையவை, விளைந்தது யாருக்குப் போகிறது என்பது பொருளாதார முறை பற்றிய கேள்வி; முதலாளித்துவம், சமதர்மம், கம்யூனிசம் இந்த வகை. ஒன்றுக்கு விடை தெரிந்தால் மற்றதும் தெரிந்துவிடும் என்று எண்ணக் கூடாது. சிலியில் 1973இல் ஆட்சியைக் கைப்பற்றிய இராணுவம், வாக்குரிமையைப் பறித்துவிட்டுச் சந்தையைத் திறந்துவிட்டது. கேரளத்தில் 1957இல் கம்யூனிஸ்டுகள் தேர்தலில் வென்று ஆட்சி அமைத்தார்கள். 1959இல் அந்த ஆட்சியைக் கலைத்தது மத்திய அரசு. சீனத்தில் 1978க்குப் பிறகு சந்தை வந்தது, ஆட்சிக்குப் போட்டியிடும் இரண்டாவது கட்சி வரவில்லை.

நம் பக்கத்திலேயே பாருங்கள். வ.உ.சிதம்பரம் பிள்ளை 1906இல் தூத்துக்குடியில் தொடங்கிய சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனி பங்குகள் விற்று மூலதனம் திரட்டிய நிறுவனம். ஒரு பங்கு 25 ரூபாய். அதே மனிதர்தாம் 1908இல் தூத்துக்குடி கோரல் நூற்பாலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்துக்கு முன்னின்று, கூலி உயர்வும் விடுமுறையும் பெற்றுத் தந்தார். மார்ச் 12ஆம் நாள் அவர் கைதாக, மறுநாள் திருநெல்வேலி கொதித்தெழுந்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் இறந்தார்கள். அவரை முதலாளித்துவம் என்ற கட்டத்தில் எழுதுவீர்களா, சமதர்மம் என்ற கட்டத்திலா? கப்பல் யாருடையது, ஆலையில் யார் பேச்சு எடுபடுகிறது, நாட்டை யார் ஆள்கிறார்கள் என்ற மூன்றையும் அவர் தனித்தனியே கேட்டார். அதனால்தான் அரசு அவரை அவ்வளவு அஞ்சியது.

இதை நான் முதலில் வீட்டில்தான் அறிந்தேன். என் தந்தை நூற்பாலைத் தொழிலாளி. 1977இல் டெல்லியில் ஆட்சி மாறிய செய்தியை வானொலியில் கேட்டபோது, நாட்டை ஆண்டவர்களையே மக்களால் இறக்க முடிகிறதே என்று அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். அதே வாரத்தில், ஷிப்டை ஏன் மாற்றினீர்கள் என்று கேட்ட அவருடைய தோழர் ஒருவரை ஆலை வாயிலிலேயே திருப்பி அனுப்பினார்கள். பிரதமரை மாற்றும் உரிமை பெற்றிருந்த மனிதருக்குத் தம் வேலை நேரத்தைப் பற்றிக் கேட்கும் உரிமை இல்லை. அன்றிலிருந்து, ஒரு கேள்வியை மட்டும் கேட்டுவிட்டு நிறுத்துபவர்களை நான் நம்புவதில்லை.

இரண்டு கேள்விகளும் பின்னிக்கொள்ளும் இடத்தைக் காண நீங்கள் வெகுதூரம் போக வேண்டாம். உங்கள் மானூர் அம்பலவாண சுவாமி கோயிலில், ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட பாண்டியர் காலக் கல்வெட்டு இருக்கிறது. ஊரில் நிலப்பங்கும், வேதக் கல்வியும், நல்லொழுக்கமும் உடையவரே சபையில் பேசலாம் என்கிறது அது. உழுதவருக்கு அங்கே இடமில்லை. உடைமையே ஆட்சியின் கதவை அடைத்தது. எதற்கெடுத்தாலும் ‘அன்று’, அதாவது ‘அப்படியல்ல’, என்று மறுப்பவருக்கும் அவருக்குத் துணை நிற்பவருக்கும் ஐந்து காசு தண்டம் என்றும் விதித்திருக்கிறார்கள். கூட்டம் நடக்க வேண்டுமே என்ற கவலை புரிகிறது. ஆனால் மறுப்புக்குத் தண்டம் வைத்த பிறகு, நியாயமாக மறுக்க வேண்டியவனும் வாயை மூடிக்கொள்வான்.

நல்ல சர்வாதிகாரி கேட்கிறீர்களே, வெட்கமாக இல்லையா? அவர் நல்லவர் என்பதைப் பத்து ஆண்டுகளும் யார் சொல்வார்கள்? அவர் தவறு செய்யும் நாளில் ‘அன்று’ என்று சொல்பவர் செலுத்தும் தண்டம் ஐந்து காசாக இருக்காது. அவர் வளர்க்கும் ஆலைகள் யாருடையவை என்று கேட்கவும் உங்களால் முடியாது. படித்த பிள்ளை நீங்கள். நண்பர்கள் சொன்னார்கள் என்று இதையெல்லாம் எழுதி அனுப்பாதீர்கள்.

எது ஏற்றது என்ற உங்கள் கேள்விக்கு இன்னொரு நாள் விரிவாக எழுதுகிறேன். அதற்குள் ஒன்று செய்யுங்கள். 73ஆவது அரசமைப்புத் திருத்தத்துக்குப் பிறகு, ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். நிலம் வேண்டாம், வேதமும் வேண்டாம். அக்டோபர் 2ஆம் நாள் உங்கள் ஊர்க் கூட்டத்துக்குப் போய், குளத்து வேலைக்கும் தெருவிளக்குக்கும் எவ்வளவு செலவானது என்று கணக்குக் கேளுங்கள். யார் விடை சொன்னார்கள், யார் முகம் சுளித்தார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.